வைகைப்புறம் நிலையத்தை அளந்த நாட்கள்

ஜூன் 9, திங்கள்

டிக்கெட் கவுண்டர் ரெஜினாக்கா இந்த டைரியைக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஏதோ உரக் கம்பெனி போட்டது. அட்டையில் நெல் வயலும் ஒரு டிராக்டரும். ஜனவரியிலிருந்து இன்றுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. இன்று எழுத ஒரு சேதி கிடைத்திருக்கிறது. எங்கள் நிலையத்தை இடிக்கப் போகிறார்கள்.

முதலாம் நடைமேடையில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. வைகைப்புறம் ரயில் நிலையத்தை முழுவதும் அகற்றிவிட்டு அதே இடத்தில் நான்கு மாடியில் புதுசு. படத்தில் எல்லாம் கண்ணாடியாக இருக்கிறது. படத்தில் நிற்கிற பயணிகள் யாரும் மதுரைக்காரர்கள் மாதிரித் தெரியவில்லை. ஒருவர் கையிலும் பை இல்லை.

எனக்கு வருத்தமா என்று நிலைய மேலாளர் மாசிலாமணி சார் கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவர். பத்தொன்பது வருடமாக என் தலைக்கு மேல் ஒரே இடத்தில் ஒழுகுகிறது. மழை பெய்தால் மைக்குக்குப் பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். பெண்கள் கழிப்பறை இரண்டு, அதில் ஒன்று எப்போதும் பூட்டியிருக்கும்.

"கடப்பாரையக் குடுங்க சார், மொத அடி நான் போடுறேன்" என்றேன்.

இதை யாராவது படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளட்டும். என் பெயர் தமயந்தி. வயது நாற்பத்து மூன்று. வைகைப்புறம் நிலையத்தின் அறிவிப்பாளர். 'பயணிகளின் அன்பான கவனத்திற்கு' என்று ஒரு குரல் கேட்குமே, அது நான்தான். இதுவரை ஒரு அறிவிப்பும் தப்பாகச் சொன்னதில்லை. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பதினாறு வருடம் பார்த்துக்கொண்டேன். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தனியாக இருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 11, புதன்

இடிப்பதற்கு முன்னால் பழைய கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரைய வேண்டுமாம். அதற்கு ஒருவர் வந்திருக்கிறார். பெயர் குணசீலன். நாகர்கோவில்காரர். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், காதில் பென்சில். துணைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னவர்கள் அனுப்பவில்லை. டேப்பின் ஒரு நுனியைச் செங்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநுனியை இழுத்துக்கொண்டு போகிறார். செங்கல் புரண்டுவிடுகிறது. திரும்பி வந்து மறுபடி வைக்கிறார். இதை என் அறை ஜன்னல் வழியாக ஐந்து தடவை பார்த்தேன். ஆறாவது தடவை பொறுக்கவில்லை. வெளியே போய் நுனியை நான் பிடித்துக்கொண்டேன்.

"கொள்ளாம்" என்றார்.

எதைக் கொள்ளாது என்று கேட்டேன். 'நன்றாக இருக்கிறது' என்று அவர்கள் ஊரில் அர்த்தமாம்.

"பதினெட்டு புள்ளி நாலு ஆக்கும்" என்று சொல்லி நோட்டில் எழுதினார்.

"ஆகுமா ஆகாதா? உறுதியாச் சொல்லுங்க."

"ஆக்கும்னா ஆகும்தான், மேடம்."

"அப்ப ஆகும்னே சொல்லிரலாம்ல."

"சொல்லலாம். பொறவு எனக்க ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாவ."

வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டது. புதுப் புளி, அதனால் இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

இன்று எனக்கு விடுமுறை. குடையை நிலையத்தில் வைத்துவிட்ட ஞாபகம். பதினொரு மணிக்குப் போய் ஒரு மணி வரை தேடினேன். குடை வீட்டில்தான் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு பத்துக்கு மானாமதுரை வண்டி போய்விட்டால் மூன்று நாற்பது வரை எங்கள் நிலையத்தில் எந்த வண்டியும் கிடையாது. வழக்கமாக அந்த நேரத்தில் ரெஜினாக்காவோடு டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். இந்த வாரம் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு டேப் பிடிக்கிறேன். நிலைய வேலை சீக்கிரம் முடிந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே.

அவர் எதையும் விடுவதில்லை. சுவர், கதவு, படி, ஜன்னல் கம்பி என்று எல்லாவற்றையும் அளக்கிறார். உத்தரத்தில் புறா கூடு கட்டியிருக்கிற பலகையைக்கூட ஏணி போட்டு ஏறி அளந்தார். இடிக்கப்போகிற கட்டடத்துக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"இல்லாமப் போறதுக்கு முந்தி ஒருக்கா ஒழுங்காப் பாக்கணும்லா" என்றார்.

"ரொம்பப் புடிச்சுப்போச்சோ இந்தக் கட்டடம்?"

"கட்டடம் படுமோசம்" என்றார் மேலேயிருந்து.

இறங்கி வந்து ஏணியை மடித்தார். அப்புறம் அடுத்த சுவருக்குப் போய்விட்டோம்.

ரெஜினாக்கா கவுண்டர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டது: "ஏண்டி தமயந்தி, டேப்பு மூணு மீட்டருதான வெளிய கெடக்கு? இம்புட்டு இறுக்கிப் புடிச்சிருக்க?"

ஜூன் 20, வெள்ளி

நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. காலை எட்டுப் பன்னிரண்டு வண்டியை அறிவிக்கும்போது, 'ராமேசுவரம் செல்லும் பயணிகள் வண்டி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாகர்கோவில் செல்லும் பயணிகள் வண்டி' என்று சொல்லிவிட்டேன். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் மூட்டையோடு கீழே குதித்தார்கள். மாசிலாமணி சார் செருப்பில்லாமல் ஓடி வந்தார். உடனே திருத்திச் சொன்னேன். எல்லாரும் மறுபடி ஏறினார்கள். யாரும் வண்டியைத் தவறவிடவில்லை.

ஒரு பெரியவர் மட்டும் என் ஜன்னலுக்கு வந்து, "நாகர்கோவில்ல என்னத்தா விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். அதுதான் காரணம்.

ஜூன் 21, சனி

ஆழ்துளைக் கிணறு போடுவது பக்கத்து வீட்டில் இல்லை, நாலு தெரு தள்ளி என்று ரெஜினாக்கா சொல்கிறது. எனக்குச் சத்தம் கேட்கிறது.

புதுச் சேலை ஒன்று எடுத்தேன். பழையதில் கறை.

ஜூன் 27, வெள்ளி

குணசீலன் சார் மதியத்துக்கு நெத்திலிக் குழம்பு கொண்டுவந்தார். அவரே வைத்தது. தேங்காயை மைபோல் அரைத்திருந்தார். ரெஜினாக்கா, மாசிலாமணி சார், நான் மூவரும் சாப்பிட்டோம். நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது வீணாகிவிடக் கூடாதே என்பதற்காக.

பேச்சுவாக்கில் சொன்னார். மனைவி இறந்து எட்டு வருடம். ஒரே மகள், பெயர் ஜெபிஷா, திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். மனைவி போன அந்த வருடம்தான் சமைக்கக் கற்றுக்கொண்டாராம். முதல் மாதம் முழுவதும் மகள் முட்டையை மட்டும் தின்றாளாம்.

"இப்ப குழம்ப அளந்துதான் வைக்கியளா?" என்று அவர் பேச்சிலேயே கேட்டேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. மாசிலாமணி சாருக்குப் புரையேறிவிட்டது.

ஜூலை 2, புதன்

திருச்சியிலிருந்து அண்ணன் போன் செய்தார். பாட்டுப் பாடிக்கொண்டே ஏன் போனை எடுக்கிறாய் என்று கேட்டார். நான் பாடவில்லை.

ஜூலை 7, திங்கள்

இன்று நடைமேடையின் நீளம். டேப் முப்பது மீட்டர்தான். ஒரு தடவை இழுத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி இழுக்க வேண்டும். தென்கோடியிலிருந்து வடகோடிவரை போக வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி தூரத்தில் எத்தனை தடவை இழுத்தோம் என்ற எண்ணிக்கை தப்பிவிட்டது. திரும்பி முதலிலிருந்து வந்தோம். மறுபடி தப்பியது. இந்தத் தடவை நான்தான் நடுவில் எதையோ சொல்லிச் சிரிக்க வைத்தேன். மூன்றாவது தடவையும் தப்பியது.

இத்தனை நாளில் அவர் ஒரு அளவில்கூடத் தப்பி நான் பார்க்கவில்லை. வெயில்தான் காரணமாக இருக்க வேண்டும். நாலாவது தடவை ஐந்நூற்று நாற்பது மீட்டர் என்று எழுதினார்.

சாயங்காலம் அறிவிப்பில் தப்பு ஒன்றும் இல்லை. 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததாக ஒரு பயணி புகார்ப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

ஜூலை 14, திங்கள்

புதிய நிலையத்தின் முழு வரைபடம் வந்து, காத்திருப்போர் அறையில் ஒட்டினார்கள். பன்னிரண்டு தாள். எல்லாரும் தங்கள் தங்கள் இடத்தைத் தேடினார்கள். டிக்கெட் கவுண்டர் எட்டு. நிலைய மேலாளர் அறையோடு சேர்ந்து கழிப்பறை இருக்கிறது, மாசிலாமணி சார் கண் கலங்கிவிட்டார். பெண்கள் கழிப்பறை பதினான்கு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு தாளையும் மூன்று தடவை பார்த்தேன். அறிவிப்பாளர் அறை எங்கேயும் இல்லை.

குணசீலன் சாரிடம் கேட்டேன். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் சொன்னார். இனிமேல் அறிவிப்பெல்லாம் வேறு ஊரிலிருந்து வருமாம். பதிவு செய்து வைத்த குரல். ஆள் தேவையில்லை.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையிலேருந்து எங்கூடத்தான சாப்பிட்டீங்க? வெள்ளிக்கிழமை என் ரூம் ஜன்னல அளந்தீங்க, நான் நுனியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன், மேடம். அதுக்கு முந்தி—"

"அளவு முடிஞ்சிருச்சில்ல. கெளம்புங்க."

போய்விட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

கீரை வாங்கினேன். எல்லா அறிவிப்பும் சரியாகச் சொன்னேன்.

ஜூலை 16, புதன்

எல்லா அறிவிப்பும் சரியாகச் சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

பக்கத்தில் எங்கேயும் ஆழ்துளைக் கிணறு போடவில்லை. அப்படியும் தூக்கம் வரவில்லை.

ஜூலை 21, திங்கள்

இரண்டு பத்து வண்டி போனதும் யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். குணசீலன் சார். ஒரு வாரமாக எங்கே இருந்தாரோ தெரியவில்லை, தாடி வளர்ந்திருந்தது. ஜன்னல் வழியாகவே ஒரு தாளை நீட்டினார்.

"முப்பதாம் தேதி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. யாரு வேணும்னாலும் கேக்கலாம். கேக்கும்ப கையில படம் இருந்தா தள்ளிவிட முடியாதுன்னு பாத்தேன். அந்த வியாழக்கிழமையிலேருந்து இதைத்தான் வரஞ்சிட்டு இருந்தேன். முடிச்சுட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். தப்பாக்கும். மொதல்ல சொல்லியிருக்கணும்."

தாளில் ஒரு அறை. நாலுக்கு மூன்று மீட்டர். முதலாம் நடைமேடையைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். மைக் வைக்க மேசை, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர்ப் பானை வைக்க ஒரு மூலை. பானையைக்கூட வரைந்திருந்தார். கூரையிலிருந்து ஓர் அம்புக்குறி போட்டு 'ஒழுகாது' என்று சின்னதாக எழுதியிருந்தார்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே வெயிலில் நிற்கிறார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. உள்ளே வரச் சொன்னேன்.

அறை நிலையத்தில் எந்த இடம் என்று காட்டுவதற்காகப் பெரிய வரைபடத்தை விரித்தார். அப்போதுதான் பார்த்தேன், மேம்பாலம் இடம் மாறியிருக்கிறது. இப்போது நடுவில் இருக்கிற பாலம், புதிய படத்தில் வடகோடிக்குப் போயிருக்கிறது. கடைகள் எல்லாம் அங்கேதான் வருகின்றன, ஜனங்கள் அந்த வழியாகப் போகட்டும் என்று வைத்திருக்கிறார்கள் போல. லிஃப்டும் அங்கேயேதான்.

"எட்டு அஞ்சு வண்டிக்கு என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். காலை எட்டு ஐந்துக்கு நாலாம் நடைமேடையில் திண்டுக்கல் வண்டி வருகிறது. எட்டுப் பன்னிரண்டுக்கு முதலாம் நடைமேடையிலிருந்து ராமேசுவரம் வண்டி கிளம்புகிறது. இதிலிருந்து அதற்கு மாற ஏழு நிமிடம். பள்ளிக்கூட டீச்சர்கள், நர்சுகள், திதி கொடுக்கப் போகிற வயசானவர்கள் என்று தினமும் இருநூறு பேர் மாறுகிறார்கள். அதை விட்டால் அடுத்த வண்டி பதினொன்றரைக்கு. பத்தொன்பது வருடமாக அவர்கள் பாலத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் மைக்கை வைக்கிறேன்.

"இத அளந்து பாத்தா என்ன?" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு பென்சில் காதுக்குப் போனது.

ஜூலை 26, சனி

அளந்தோம். புதுப் பாலம் இன்னும் இல்லை, அதனால் நடுவிலிருந்து வடகோடிப் பாலத்துக்குப் போய் நடுவுக்குத் திரும்புகிற அதே தூரத்தைத் தலைகீழாக நடந்து பார்த்தோம். நாலாம் நடைமேடையின் வடகோடியிலிருந்து நடுவுக்கு வந்து, இப்போதிருக்கிற பாலத்தில் ஏறி இறங்கி, முதலாம் நடைமேடையின் வடகோடிவரை போக வேண்டும்.

முதலில் குணசீலன் சார் கையை வீசிக்கொண்டு நடந்தார். ஏழு நிமிடம் பத்து வினாடி. அடுத்து, தலையில் ஒரு மூட்டையோடு நான். மூட்டைக்குள் இரண்டு தலையணை. ஒன்பது நிமிடம். கடைசியில் ரெஜினாக்கா. மூட்டுவலிக்காரராக நடிக்கச் சொன்னோம். நடிக்க என்ன இருக்கிறது, நிஜமாகவே மூட்டுவலிதான் என்றது. ஒரு கையில் பத்துக் கிலோ அரிசிப் பை, இன்னொரு கையில் வாளி. பாலத்தின் நடுவில் நின்று, "ராமேசுவரமும் வேணாம், பாவமும் போக வேணாம், என்னைய எறக்கி விடுங்கடா" என்று கத்தியது. கீழே நின்ற பயணிகளில் இரண்டு பேர் நிஜமென்று நினைத்து ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி, பையைத் திரும்பக் கொடுக்க வைத்து, விட்ட இடத்திலிருந்து நடக்கவிட்டோம். அந்த நேரத்தைக் கழித்த பிறகும் பன்னிரண்டு நிமிடம்.

முதலாம் நடைமேடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்து சிரித்தோம். வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். மூன்று நாற்பது வண்டிக்கு நான் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தபோது மூச்சு வாங்கியது. வண்டியே ஓடி வந்தது போல் இருந்தது அறிவிப்பு என்று மாசிலாமணி சார் சொன்னார்.

ஜூலை 30, புதன்

கூட்டம் கல்யாண மண்டபத்தில். இருநூறு முந்நூறு பேர். மேடையில் அதிகாரிகள் ஐந்து பேர். வாசலிலேயே டோக்கன் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஒரு கோரிக்கை, இரண்டு நிமிடம். என் டோக்கன் முப்பத்து ஒன்று. இருபத்தொன்பதாவது ஆளோடு நேரம் முடிகிறது என்றார்கள், பிறகு போனால் போகட்டும் என்று நீட்டினார்கள். எனக்குப் பின்னால் ஆள் இல்லை.

ஒரு கோரிக்கைதான். குணசீலன் சார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வரைந்த அறை என் கையில் இருந்தது. அதைக் கேட்கத்தான் எழுந்தேன். இது சத்தியம்.

மைக் முன்னால் போய் நின்றேன். இத்தனை முகங்களுக்கு முன்னால் நான் பேசியதே இல்லை. எனக்கு முன்னால் எப்போதும் ஜன்னல்தான். பயத்தில் வாய் பழக்கதோஷமாகப் "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டது.

மண்டபமே அடங்கிப்போனது. எல்லாத் தலையும் திரும்பியது. முன்வரிசையில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். அப்புறம் ஒரே சிரிப்பு. "நம்ம ஸ்டேஷன் அம்மா" என்று யாரோ சொன்னார்கள். "இவகதானா அது" என்றது இன்னொரு குரல்.

அந்த முகங்களைப் பார்த்தேன். எட்டு ஐந்து வண்டியில் வருகிற டீச்சர்கள் மூன்று பேர் இருந்தார்கள். பாலத்தில் அவர்கள் உச்சந்தலையை மட்டுமே பார்த்திருக்கிறேன், வகிட்டை வைத்து அடையாளம் தெரிந்தது. என் கையிலிருந்த தாள் தானாகவே மடிந்துகொண்டது.

மேம்பாலத்தைப் பற்றிப் பேசினேன். எட்டு ஐந்து, எட்டுப் பன்னிரண்டு, ஏழு நிமிடம், பன்னிரண்டு நிமிடம். "வடகோடியில பாலம் வச்சா இந்த இருநூறு பேரும் தெனம் வண்டிய விடுவாங்க. இல்லாட்டி தண்டவாளத்துல எறங்கிக் கடப்பாங்க. அவசரத்துல இருக்கவங்க அதத்தான் செய்வாங்க. அந்த நேரத்துல மைக்குல நான் என்ன சொன்னாலும் கேக்காது. பாலம் நடுவுல வேணும். லிஃப்டோட வேணும்" என்றேன். இரண்டு நிமிடம் சரியாக இருந்தது. நேரத்தில் நான் பிசகுவதில்லை.

கைதட்டல் நிற்கவில்லை. மேடையில் ஒரு அம்மா எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் குணசீலன் சார் கேட்டார்: "எனக்க படம் என்னாச்சு?"

"என்கிட்டதான் இருக்கு."

"கேக்கலியே நீங்க."

"ஒண்ணுதான் கேக்கலாம்னாங்க."

பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார். அவர் தங்கியிருக்கிற இடம் எதிர்த்திசையில் இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

மெமோ வந்துவிட்டது. பணியில் இருப்பவர் முன் அனுமதியின்றிப் பொதுக்கூட்டத்தில் பேசியது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு மாசிலாமணி சார்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேருமாக உட்கார்ந்து பதில் எழுதினோம். அவர் மூன்று பக்கம் எழுதினார். நான் அதை மூன்று வரியாக்கினேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று பூரி செய்தேன். நன்றாக உப்பியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் பேப்பர் வந்தது. மேம்பாலம் நடுவிலேயே வருகிறது. இரண்டு லிஃப்ட். வடகோடியில் கடைக்காரர்களுக்காக ஒரு சின்னப் பாலமும். ரெஜினாக்கா கவுண்டரைச் சாத்திவிட்டு வந்து என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தது, மூட்டு ஒத்துழைக்கவில்லை.

என்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அறிவிப்பாளர் அறை கிடையாது என்பது உறுதியாகிவிட்டது. கட்டி முடிக்கிறவரை இரண்டு வருடம் தகரக் கொட்டகையிலிருந்து நான் பேசுவேன். அதன் பிறகு விசாரணைக் கவுண்டர். காலையில் பாத்ரூமில் கொஞ்சம் அழுதேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. கூட்டத்தில் அத்தனை முகங்களைப் பார்த்த பிறகு ஜன்னல் கொஞ்சம் அலுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பாலம் நடுவுக்கு வருவதால் நடைமேடைகளை மறுபடி அளக்க வேண்டுமாம். அதனால் குணசீலன் இன்னும் இரண்டு வாரம் இங்கேதான் இருப்பார். இது வெறும் தகவல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தகரக் கொட்டகை வருகிற இடத்தை அளந்துகொண்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணி. டேப்பின் அந்த நுனியில் அவர், இந்த நுனியில் நான்.

அளவைச் சொல்லவே இல்லை. என்ன ஆயிற்று என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"எனக்குச் சுத்தி வளச்சுப் பேச வராது" என்றார். "இருவத்தி ரெண்டாம் தேதி வேலை முடியுது. முடிஞ்ச பொறவும் வரணும்னு இருக்கு. அளக்குறதுக்கு இல்ல. நாம கல்யாணம் செஞ்சுக்கிடலாமான்னு கேக்கணும்னு பத்து நாளா நெனச்சிட்டு இருக்கேன். ஒங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். டேப்ப மட்டும் டக்குனு விட்றாதீங்க, முகத்துல வந்து அடிக்கும்."

நான் டேப்பை விடவில்லை. மெதுவாக நடந்துபோய் அவர் கையில் கொடுத்தேன். "ரெண்டு நாள் டயம் குடுங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ரொம்பவும் நிதானமாகத்தான் சொன்னேன். அறைக்கு வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஆகியிருந்தது. எழுந்து திரும்பப் போனேன்.

"யோசிச்சுட்டேன்" என்றேன். "சரி."

அவர் டேப்பைச் சுற்றப் பார்த்தார், சுற்ற வரவில்லை. இரண்டு பேருமாகச் சுற்றினோம். முப்பது மீட்டர் டேப் இவ்வளவு நீளமென்று இதுவரை தெரியாது.

மூன்று நாற்பது வண்டிக்கு மைக்கைப் பிடித்தேன். 'பயணிகளின்' என்று சொன்னதும் சிரிப்பு வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி சிரிப்பு. மூன்றாவது தடவை மாசிலாமணி சார் ஓடி வந்து மைக்கை வாங்கி அவரே அறிவித்தார். அவர் நிலையப் பெயரையே தப்பாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 13, புதன்

ரெஜினாக்காவிடம் சொன்னேன். ஆச்சரியப்படும் என்று நினைத்தேன்.

"ஜூன் மாசமே சேலை எடுத்து வச்சுட்டேன்டி" என்றது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். அவரு கிறிஸ்தவராச்சே, இந்த வயசிலயா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு, "அன்னைக்குப் பாடிக்கிட்டுத்தான இருந்த?" என்றார்.

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாகர்கோவில் வண்டியில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது, வண்டி ஆடுவதால். குணசீலனின் அம்மாவைப் பார்க்கப் போகிறோம். மகள் ஜெபிஷா சாயங்காலம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவளிடம் என்ன சொல்வது என்று நேற்றிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவின் இடத்துக்கு நான் வரவில்லை என்று தொடங்கலாமா, வேண்டாமா? அந்தப் பேச்சை இரண்டு தடவை மாற்றினேன்.

திருநெல்வேலியில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். ஜெபிஷா அங்கேயே ஏறி என் முன்னால் வந்து நின்றுவிட்டாள். அவர் மாதிரியே உயரம். குணசீலன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"அப்பா, போயி டீ வாங்கிட்டு வாங்க" என்று அவரைக் கீழே அனுப்பினாள். அப்புறம் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

"எட்டு வருசமா எங்கப்பா போன்ல ரெண்டே ரெண்டு வார்த்தைதான் பேசுவாவ. சாப்பிட்டியா, சரி வை. அம்புட்டுத்தான். ஜூன் மாசம் ஒரு நாள் அரை மணி நேரம் பேசினாவ. காய்ச்சலோன்னு நெனச்சேன். பொறவு தெனமும். ஒங்க ஸ்டேஷன்ல படி எத்தன, புறா முட்டை எத்தன, ரெஜினாக்காவுக்கு எந்தக் காலு வலி, எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு அடுத்த மாசம் பரீட்சை. இனிமே இதெல்லாம் நீங்க கேட்டுக்கிடுவியளா?"

"கேட்டுக்கிறேன்" என்றேன்.

"முழுசாவா? நடுவுல தூங்கிறக் கூடாது."

"முழுசா."

"எழுதிக் குடுங்க."

டைரியின் கடைசித் தாளில், 'தினமும் முழுசாகக் கேட்பேன். தமயந்தி' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு ஜன்னலோரத்தில் நான் வைத்திருந்த கூடையை எடுத்து மேலே வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

குணசீலன் மூன்று டீயோடு மூச்சிரைக்க வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். எதற்கு என்று கேட்டார். சொல்லவில்லை. டீ கையில் தளும்பியபோதுதான் வண்டி நகர்ந்துவிட்டது தெரிந்தது. புறப்படுகிறது என்று அறிவித்திருப்பார்கள். என் காதில் விழவில்லை.